தண்ணீருக்குக் குறைவில்லாத ஊர்

சேலத்தில் நான் படித்த பெண்கள் கல்லூரியில் வரலாறு எடுத்தவர்களுக்கு ஆன்சிலரி என்ற துணைப்பாடமாக எடுக்க இரண்டு இருந்தன. ஒன்று புள்ளியியல், இன்னொன்று பன்னாட்டு வளர்ச்சி. கணக்கு வராதவர்களையெல்லாம் இரண்டாவதில் தள்ளிவிட்டார்கள். எனக்கும் கணக்கு வராது. ஏழை நாடுகள் ஏன் ஏழையாக இருக்கின்றன, பணக்கார நாடுகள் அவற்றைக் கைதூக்கிவிட என்னென்ன செய்கின்றன என்றெல்லாம் நான் படித்ததற்கு உலகத்தின் மேல் எனக்கிருந்த கருணை காரணமில்லை. பத்தாம் வகுப்பில் வாங்கிய கணக்கு மார்க்குதான் காரணம்.

பாடம் நடத்திய மேடம் ஏதோ ஒரு குளிர் நாட்டுப் பல்கலைக்கழகத்துக்குச் சில மாதப் பயிற்சிக்குப் போய்விட்டு வந்தவர். அந்தச் சில மாதங்களை வைத்துக்கொண்டு எங்களை வருடக்கணக்கில் மிரட்டினார். ‘பின்தங்கிய சமூகம்’ என்று புத்தகத்தில் வரும்போதெல்லாம் அவர் கண் ஜன்னலோர பெஞ்சுகளின் பக்கம் திரும்பும். நாமக்கல், ராசிபுரம் பக்கத்து ஊர்களிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படித்த நாங்கள் அங்கேதான் உட்கார்ந்திருப்போம்.

"நீ எழுந்திரு. உங்க வீட்டுல கக்கூஸ் இருக்கா?" என்று என்னைக் கேட்பார். இல்லை என்றால், "பார்த்துக்கோங்க, நான் சொன்னது இதைத்தான்" என்று டவுன் பெண்களுக்கு என்னைக் காட்டுவார். இருக்கிறது என்றால் பொய் சொல்லாதே என்பார். "ஏனுங்க மேடம்" என்று நான் வாயைத் திறந்தாலே வகுப்பு சிரித்துவிடும். எங்கள் ‘ங்க’ அவர்களுக்கு அவ்வளவு வேடிக்கை. நான் அழுததில்லை. மனதுக்குள் மேடத்தைக் கெட்ட கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டு நின்றேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நிம்மதியாகத்தான் இருக்கிறது.

ஆனால் அந்தப் பாடத்தில் ஒரு பகுதி எனக்குப் பிடித்திருந்தது. ஒரு ஊருக்கு என்ன தேவை என்பதை வெளியிலிருந்து போகிறவர்கள் முடிவு செய்யக் கூடாது, அந்த ஊர்க்காரர்கள் வாயாலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், அதிலும் பெண்களைத் தனியாகக் கேட்க வேண்டும் என்று அதில் இருந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் அது புதுப் பேச்சு. எங்கள் வீட்டில் பெண்களிடம் யாரும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. உலகத்தில் எங்கோ சில பேர் இப்படி உட்கார்ந்து யோசித்திருக்கிறார்களே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அப்படியே நம்பிவிட்டேன்.

எங்கள் ஊர், புதுச்சத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிக் கிழக்கே நடக்க வேண்டிய தூரத்தில் இருந்தது. மழை பொய்த்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஊர்க்கிணற்றின் அடியில் பாறைதான் தெரிந்தது. கரடு என்று நாங்கள் சொல்லும் பாறைக் குன்றின் பாதி உயரத்தில் ஒரு பழைய கிணறு மட்டும் ஊறிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தால் தலை சுற்றும் ஆழம். அங்கே போய்ச் சேந்தி, குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு கல்லும் முள்ளுமான இறக்கத்தில் நடந்து வர வேண்டும்.

எங்கள் வீட்டில் அந்த வேலை என் அண்ணன் மனைவியுடையது. எங்கள் பக்கம் அண்ணன் மனைவியை நங்கை என்போம். அம்மாவுக்கு முழங்கால் போய்விட்டது. அண்ணன் சொந்த லாரி வைத்துக்கொண்டு வடக்கே லோடு அடித்துக்கொண்டிருந்தான். சின்னண்ணன் கல்யாணத்துக்குக் காத்திருந்த மாப்பிள்ளை. மாப்பிள்ளை குடம் தூக்குவானா? நான் ஹாஸ்டலில் இருந்தேன், சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை வந்து ஒத்தாசை செய்வேன். மற்ற நாளெல்லாம் அவர் ஒருவர்தான். அதுவும் பொழுது விடிவதற்குள் முடித்துவிட வேண்டும் என்பது அப்பாவின் உத்தரவு. ஊருக்குப் பெரியவர் அவர். அவர் வீட்டு மருமகள் குடத்தோடு போவதைக் கீழ்த்தெருக்காரர்கள் பார்த்துவிடக் கூடாது. ஒளிந்து ஒளிந்து தண்ணீர் எடுப்பதற்கு அவர் வைத்த பெயர் கௌரவம்.

அப்பா அப்போதுதான் கோழிப்பண்ணை போட்டிருந்தார். கோழிக்கு ஒரு வெயில் பொழுது தண்ணீர் தப்பினால் கொத்துக் கொத்தாகச் செத்து விழும். ஆகவே நங்கை சுமந்து வருவதில் முதல் குடங்கள் கோழிக்கு, அடுத்து எருமைக்கு, அதற்கடுத்து அப்பா குளிப்பதற்கு. மிச்சத்தில் சோறாக்கி, மிச்சத்தின் மிச்சத்தை நாங்கள் குடித்தோம். "மனுசன் ஒரு நேரம் தாங்குவான். கோழி தாங்குமா?" என்பார் அப்பா.

நங்கைக்கு உச்சந்தலையில் சும்மாடு உட்கார்ந்த இடத்தில் முடி உதிர்ந்து தோல் தெரிந்தது. கனகாம்பரத்தை அந்த இடத்தில் வளைத்து வைத்து மறைத்துக்கொள்வார். முந்தின வருடம் அவர் வயிற்றில் தங்கியது, கரட்டிலிருந்து இறங்கும்போது கால் தவறி விழுந்ததில் கலைந்துபோயிற்று. ரத்தமும் சேறுமாக வாசலில் வந்து நின்றவரைப் பார்த்து, குடம் நசுங்கிவிட்டதா என்றுதான் அம்மா முதலில் கேட்டார். நான் அப்போது வீட்டில் இருந்தேன், என் காதால் கேட்டேன். அம்மா செத்துப்போய் இத்தனை வருடம் ஆகியும் அந்த ஒரு கேள்விக்காக அவர் மேல் எனக்கிருக்கும் கோபம் குறையவில்லை.

இந்த நிலையில்தான் மேடம் ஒரு நாள் வகுப்பில் ஒரு செய்தி சொன்னார். வெளிநாட்டு உதவி அமைப்பு ஒன்று எங்கள் துறையின் மூலமாகப் புதுச்சத்திரம் பக்கத்தில் ஒரு ஊருக்கு ஆழ்துளைக் கிணறு தோண்டிக் கைப்பம்பு வைத்துத் தரப்போகிறதாம். ரிக் வண்டி, பைப்பு, பம்பு எல்லாம் அவர்கள் செலவு. அந்த அமைப்பிலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மா நேரில் வந்து பார்ப்பார். எந்த ஊர்ப் பெண்கள் தண்ணீருக்கு அதிகம் அல்லாடுகிறார்களோ அந்த ஊருக்குக் கிடைக்கும். எங்களுக்கு அதுதான் ஆன்சிலரி பாடத்தின் களப்பணி.

நான் கையைத் தூக்கி எங்கள் ஊரைச் சொன்னேன். ரோட்டுக்கு அந்தப் பக்கத்து ஊரை இன்னொரு பெண் சொன்னாள். இரண்டில் ஒன்று என்று முடிவாயிற்று. எங்கள் ஊர் அதைவிட மோசம், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுத் தேடினாலும் எங்களுக்கு இணையாக வறண்ட ஊர் அந்தப் பக்கம் கிடையாது. கிணறு எங்களுக்குத்தான் என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை நங்கையிடம் சொன்னபோது அவர் சாணி மெழுகிக்கொண்டிருந்தார். கையைக் கழுவக்கூட இல்லை, அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"மெய்யாலுமா அம்மிணி? ஊருக்குள்ளயே பம்பு வெப்பாங்களா?"

"வெப்பாங்க நங்கை. வந்து கேக்கறப்ப உள்ளதச் சொன்னாப் போதும்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "நாள் தள்ளிப் போயிருக்குது அம்மிணி. ஊட்ல இன்னும் யாருக்கும் சொல்லல. இந்தத் தடவ நிக்கோணும். அந்தக் கரட்ல எறங்கறப்பெல்லாம் வயித்தக் கைல புடிச்சுக்கிட்டுத்தான் எறங்கறேன். பம்பு வந்துருச்சுன்னா தப்பிச்சுக்குவேன்."

அப்பாவிடம் சாப்பிடும்போது சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வரட்டும். நல்லாக் கவனிச்சு அனுப்பலாம்" என்றார்.

"கவனிக்கறது இருக்கட்டுங்கப்பா. காஞ்ச கெணத்தக் காட்டோணும். நங்கை கரட்டுக்குப் போறதச் சொல்லோணும்."

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "ஏஞ் சாமி, உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா? உன்ற சின்னண்ணனுக்கு வெண்ணந்தூர்ல பொண்ணு பேசிக்கிட்டிருக்கறது தெரியுமல்லொ? இந்தூர்ல தண்ணி இல்லைன்னு ஒரு பேச்சு ரோடு தாண்டிப் போச்சுன்னா எவன் பொண்ணுக் குடுப்பான்? தண்ணியில்லாத ஊருக்குப் பொண்ணுக் குடுக்கறதும் பாழுங் கெணத்துல தள்றதும் ஒண்ணுன்னு நெனைக்க மாட்டானா?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. கிணறு வந்தால் தண்ணீரும் வந்துவிடும், பிறகு யாரும் எதுவும் பேச முடியாது என்றேன். பம்பு வரும் வரைக்கும் பேச்சு நிற்காது, பேச்சு ஒரு தடவை கிளம்பிவிட்டால் பம்பு வந்தாலும் நிற்காது என்றார் அவர். அதோடு கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் மாப்பிள்ளையைவிடத் தொட்டியைத்தான் அதிகம் பார்ப்பார்கள் என்பது உண்மைதான். அதற்காக, கிடைக்கவிருக்கிற தண்ணீரையே வேண்டாம் என்று சொல்லும் புத்தி எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாருக்கும் வராது.

வெள்ளைக்கார அம்மா வருகிற நாளுக்கு முந்தின நாள் அண்ணன் லோடு இல்லாமல் ஊருக்கு வந்தான். லாரியில் டிரம்களை ஏற்றிக்கொண்டு மோகனூர் ஆற்றுக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவந்தான். கொண்டுவந்து, வாசல் தொட்டி, மாட்டுத் தொட்டி, கோயில் முன்னால் காலியாகக் கிடந்த சிமெண்ட் தொட்டி எல்லாவற்றிலும் தளும்பத் தளும்ப ஊற்றினார்கள். இத்தனை மாதமாக, "லாரில கொஞ்சம் தண்ணி கொண்டாந்தா என்னங்க?" என்று நங்கை கேட்கும்போதெல்லாம், "டீசல் உங்கப்பனா ஊத்துவான்?" என்று கேட்டவன் அவன். கீழ்த்தெருவுக்கு ஆள் போய், மறுநாள் விருந்தாளிகள் போகும் வரை ஒருவரும் குடத்தோடு வெளியே தலைகாட்டக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தது. அவர்கள் எல்லோரும் எங்கள் காட்டில் வேலை செய்து பிழைப்பவர்கள், தலைகாட்டவில்லை. அன்றைக்குப் பொழுது சாயும் வரை அந்தத் தெருவில் என்ன குடித்தார்கள் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை.

நங்கை தளும்பிக்கொண்டிருந்த தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். "ஆத்துத் தண்ணி வெள்ளக்காரிக்கு, கரட்டுத் தண்ணி நமக்கு" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் மேடமும் விருந்தாளியும் ஜீப்பில் வந்தார்கள். அந்த வெள்ளைக்கார அம்மா வயதானவர், நல்ல உயரம், பருத்திப் புடவையைக் கோணல்மாணலாகக் கட்டியிருந்தார். நல்ல மனுஷி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தொட்டித் தண்ணீரில் முகம் கழுவிவிட்டு, எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று சொல்லி மகிழ்ந்தார். எங்கள் வீட்டு முன்கூடத்தில் நாற்காலி போட்டிருந்தது. கோழிக் குழம்பு, முட்டை, பணியாரம் என்று அப்பா ஒரு கல்யாணமே செய்திருந்தார். சாப்பிட்ட பிறகு கேள்விகள் தொடங்கின. நான் மொழிபெயர்க்க வேண்டும். மேடம் பக்கத்தில் உட்கார்ந்து நான் செய்வதைப் பார்த்து மார்க் போட வேண்டும். அதுதான் ஏற்பாடு.

ஊரில் தண்ணீர் எப்படி என்று அந்த அம்மா கேட்டார்.

"தண்ணிக்கு என்னங்க கொறச்சல்? சாமி புண்ணியத்துல நல்லா இருக்கறோம்" என்றார் அப்பா. சுற்றி நின்றவர்கள் எல்லோரும், "ஆமாங்க, ஆமாங்க" என்றார்கள். அவர்கள் உதடெல்லாம் வெடித்துக் கிடந்தது. நான் அப்பா சொன்னதை ஆங்கிலத்தில் சொன்னேன்.

பெண்கள் எங்கே போய்த் தண்ணீர் எடுக்கிறார்கள் என்று அடுத்து கேட்டார்.

"என்ற ஊட்டுப் பொம்பளைங்க கொடந் தூக்கறதில்லீங்க" என்றார் அப்பா.

அந்த அம்மா விடவில்லை. இதை வீட்டுப் பெண்ணிடமே கேட்கிறேன், ஆண்கள் மன்னிக்க வேண்டும் என்றார். புத்தகத்தில் இருந்தபடியே நடக்கிறது என்று நான் மேடத்தைத் திரும்பிப் பார்த்தேன். நங்கை காப்பித் தம்ளர்களோடு கதவுக்குப் பின்னால் நின்றிருந்தார். அந்த அம்மாவே எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் நிறுத்தினார். காய்த்துப்போயிருந்த உள்ளங்கையைத் தடவிப் பார்த்தார். தண்ணீருக்கு நீ எவ்வளவு தூரம் போகிறாய் என்று கேட்டார். நான் அதைத் தமிழில் சொன்னேன்.

மாமனார் உட்கார்ந்திருக்கும் இடத்தில் மருமகள் வாய் திறக்கும் வழக்கம் எங்கள் வீடுகளில் கிடையாது. கல்யாணமாகி வந்ததிலிருந்து நங்கை அப்பாவின் எதிரில் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் தலை குனிந்தபடி என் பக்கமாகச் சாய்ந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, "நீங்களே சொல்லிப்போடுங்க அம்மிணி" என்றார்.

நான் சொன்னேன். கரட்டுக் கிணறு, விடிவதற்கு முன்னால் போவது, முந்தின வருடம் விழுந்தது எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மூச்சு விடாமல் சொன்னேன். அந்த அம்மாவின் முகம் மாறியது. மேடம் கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"இரு. அவங்க இவ்வளவும் சொன்னாங்களா?"

"என்னையச் சொல்லச் சொன்னாங்க மேடம்."

"நீ மொழிபெயர்க்கிற ஆளு. உன் கருத்தைச் சொல்றதுக்கா கூட்டிட்டு வந்தோம்? பதில் சொல்றவங்க வாயில வார்த்தையைத் திணிக்கக் கூடாதுன்னு முதல் பாடத்துலயே படிச்சியா இல்லையா?" என்று கேட்டுவிட்டு, மேடம் ஆங்கிலத்தில் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டார். மாணவிக்கு ஆர்வக்கோளாறு, தன் ஊருக்குக் கிணறு வாங்கிவிட வேண்டும் என்ற ஆசை என்று விளக்கினார். பிறகு நங்கையின் பக்கம் திரும்பி, "நீங்களே சொல்லுங்கம்மா. தண்ணிக்குக் கஷ்டமா, இல்லையா?" என்று சத்தமாகக் கேட்டார்.

அப்பா மீசையைத் தடவிக்கொண்டு கூரையைப் பார்த்தார். அண்ணன் தூணில் சாய்ந்து நின்று நங்கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்லீங்க" என்றார் நங்கை.

மேடம் அதை ஆங்கிலத்தில் சொன்னார். ஒரே ஒரு சொல், சரியான மொழிபெயர்ப்பு. வெள்ளைக்கார அம்மா பெருமூச்சு விட்டு, நங்கையின் தலைப் பூவைத் தொட்டு அழகாக இருக்கிறது என்று பாராட்டினார். ஜீப் கிளம்பிப் போனது.

அப்பா அன்றைக்கு என்னை அடிக்கவில்லை. "படிக்க வெச்சது என்ற தப்பு" என்று மட்டும் சொன்னார். நங்கை இருந்த சமையல்கட்டைப் பார்த்து, "மருமவள்னா இப்படி இருக்கோணும்" என்று உரக்கச் சொன்னார். அவர் நங்கையைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான். உள்ளே போய்ப் பார்த்தேன். நங்கை எச்சில் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன்.

"பேசாதீங்க அம்மிணி" என்றார். "நீங்க திங்கக்கெழம பஸ் ஏறிப் போயிருவீங்க. உங்கண்ணங்கூட இருக்கறது நானு."

இரண்டு வாரம் கழித்து மேடம் வகுப்பில் முடிவைச் சொன்னார். கிணறு ரோட்டுக்கு அந்தப் பக்கத்து ஊருக்கு. அந்த ஊரில் காலிக் குடங்களைத் தெரு நீளத்துக்கு வரிசையாக வைத்து, பெண்களைப் பேசவிட்டிருக்கிறார்கள். அவர்கள் கொட்டித் தீர்த்துவிட்டார்களாம். அந்த ஊர்ப் பெரியவருக்குப் பிள்ளைகள் எல்லாமே பெண்கள். பெண்ணை வெளியூருக்கு அனுப்புகிறவனுக்குத் தன் ஊரில் தண்ணீர் இல்லை என்று சொல்வதில் என்ன நஷ்டம்? எங்கள் வீட்டில் ஒரு மாப்பிள்ளை உட்கார்ந்திருந்ததால் எங்கள் ஊருக்குத் தண்ணீர் தப்பியது.

அத்தோடு மேடம் விடவில்லை. என்னை எழுப்பி நிற்கவைத்து, ஆய்வாளர் எப்படி இருக்கக் கூடாது என்பதற்கு உதாரணமாக்கினார். "பாதிக்கப்பட்டவங்க தங்களோட தேவையைத் தாங்களே சொல்வாங்க. சொல்லலைன்னா தேவை இல்லைன்னு அர்த்தம். எழுதிக்கோங்க" என்றார். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். நானும் நின்றபடியே எழுதினேன். பரீட்சையில் அது வரும் என்று சொல்லியிருந்தார், வரவும் செய்தது.

மாசியில் அந்த ஊரில் ரிக் வண்டி இறங்கியது. பாறையைக் குடையும் சத்தம் எங்கள் வீடு வரைக்கும் கேட்டது. பங்குனியில் கரட்டுக் கிணறும் வற்றியது. அதன் பிறகு நங்கை ரோட்டைத் தாண்டி அந்தப் பம்புக்குப் போனார். அந்த ஊர்ப் பெண்கள் தங்கள் குடமும் தங்கள் மாட்டுத் தொட்டியும் நிறைந்த பிறகுதான் இவரை விட்டார்கள். ஒரு நாள் நானும் கூடப் போனேன்.

"ஏனுங்க, உங்கூர்ல தொட்டி தளும்பிக்கிட்டுக் கெடக்குதாமே? வெள்ளக்காரிகிட்டச் சொன்னீங்களாமே? இங்கெதுக்குங்க வந்தீங்க?" என்று ஒருத்தி கேட்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள். நங்கை பம்பை அடித்துக்கொண்டிருந்தார். நான் பதிலுக்கு ஏதோ கத்தினேன், அதற்கு இன்னும் சிரித்தார்கள். வயிற்றில் இருப்பது அதற்குள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. "நடந்தாத்தான் சொகப் பிரசவமாகும்" என்று அம்மா சொல்லிவிட்டார். கோழிகளுக்கு வெயில் அதிகமாகிவிட்டதால் இன்னும் ஒரு நடை கூடிற்று.

சித்திரையில் பரீட்சை லீவுக்கு நான் வீட்டில் இருந்தபோது வெண்ணந்தூர்க்காரர்கள் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தார்கள். பெண்ணின் அப்பா, அவருடைய தம்பிகள், உறவுக்காரப் பெண்கள் சிலர். அதற்கும் லாரி மோகனூருக்குப் போய்வந்தது. தொட்டிகள் தளும்பின. அப்பா அவர்களை ஒவ்வொரு தொட்டியாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். முன்கூடத்தில் வந்து உட்கார்ந்ததும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்.

"நாஞ் சொல்றத நம்ப வேண்டாமுங்க. சீமைலருந்து வெள்ளக்காரங்களே வந்து பாத்துப்போட்டு, இந்தூர்ல தண்ணிக்குக் கொறையே இல்லைன்னு முடிவு சொல்லிட்டுப் போயிட்டாங்க. என்ற புள்ளதான் கூட இருந்து இங்கிலீஸ்ல பேசுச்சு. அந்தப் படிப்பே அது படிக்குது. சொல்லு சாமி."

நான் அதுவரை கதவோரம் நின்றிருந்தேன். பல மாதமாக அடைத்துக்கொண்டிருந்தது வெளியே வந்துவிட்டது. "பொய்யுங்க" என்றேன். "தொட்டில இருக்கறது லாரித் தண்ணி. எங்க நங்கை விடியறதுக்குள்ள ரோட்டத் தாண்டிப் போய் அடுத்தூர்ப் பம்புல சொமந்துக்கிட்டு வாராங்க. உங்க புள்ளையும் அதத்தான் செய்யோணும்."

அப்பாவின் முகம் வெளுத்தது. சின்னண்ணன் என்னைக் கொன்றுவிடுவது போலப் பார்த்தான். பெண்ணின் அப்பா வெற்றிலையை மென்றபடி என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"எல்லாந் தெரியும் அம்மிணி. வர்ற வழியில விசாரிக்காமயா வந்தம்? இந்த வருசம் தண்ணி இருக்கற ஊருன்னு எதுங்க இருக்குது? எங்கூர்லயும் மைல் கணக்கா நடந்துதான் எடுத்துட்டு வர்றாங்க. காடு இருக்குது, லாரி இருக்குது, கோழி இருக்குது. தண்ணி பொம்பள பாடு. அத நாம எதுக்குங்க பேசிக்கிட்டு?"

அவர் தம்பிகளும் சிரித்தார்கள். அப்பா ஒரு கணம் திகைத்துப்போய் உட்கார்ந்திருந்துவிட்டு, பிறகு எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார். சின்னண்ணனும் சிரித்தான். எந்தப் பேச்சு கிளம்பிவிடும் என்று பயந்து ஊருக்கு வந்த தண்ணீரை அப்பா விரட்டினாரோ, அந்தப் பேச்சை யாரும் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. நங்கை அன்றைக்கு ‘இல்லீங்க’ என்று சொல்லியிருக்கவே வேண்டியதில்லை. எனக்கு அங்கே இருந்த ஒவ்வொருவரையும் அறைய வேண்டும் போல இருந்தது.

அப்போது நங்கை சமையல்கட்டிலிருந்து வந்தார். வயிறு தெரியத் தொடங்கியிருந்தது. மாமனார் உட்கார்ந்திருக்கும் கூடத்தில், இத்தனை ஆண்களுக்கு நடுவில், யாரும் கூப்பிடாமல் தானாக வந்து நின்றார். கொட்டித் தீர்க்கப்போகிறார் என்று நினைத்தேன். அந்தப் பெண்ணை இங்கே அனுப்பாதீர்கள் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

அவர் பெண்ணின் அப்பாவை நேராகப் பார்த்து, "ஏனுங்க மாமா, அந்தப் புள்ள ரெண்டு கொடம் சேத்தித் தூக்குமுங்களா?" என்று கேட்டார்.

"தூக்குவா சாமி. தலையில ரெண்டு, இடுப்புல ஒண்ணுன்னு வருவா" என்றார் அவர் பெருமையாக.

"அப்பச் செரீங்க" என்றார் நங்கை. "வைகாசியிலயே முகூர்த்தத்த வெச்சுருங்க மாமா. ஆடிக்கு அக்கட்ட தள்ளிப்போடாதீங்க."

தங்கச்சி வருவதற்கு மருமகளுக்கு எவ்வளவு அவசரம் பாருங்கள் என்று பெண் வீட்டார் கேலி செய்தார்கள். அம்மாகூடச் சிரித்தார். நங்கை சிரிக்காமல் அவர்களுடைய காலித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். முகூர்த்தம் வைகாசியிலேயே வைத்தார்கள்.